உடம்போடு சேர்ந்துவிட்ட கருவி யாருக்குச் சொந்தம்?

காதோரம் (மதுரை)

போன் கையில் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். இந்தக் குழுவிலும் அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் கேட்க நினைப்பது அதற்கு அடுத்த கேள்வி. ஒரு கருவி நிஜமாகவே ஒருவர் உடம்போடு சேர்ந்துவிட்டால், அதன்மேல் யாருக்கு என்ன உரிமை?

நான் காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தவர்கள். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, 'மிஷின்'தான். அதில் இரண்டு பாகம். ஆபரேஷன் செய்து காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைப்பது ஒன்று. அதிலிருந்து மின்முனைகள் பதித்த மெல்லிய கம்பி உள்காதின் சுருளுக்குள் போகும். வெளியே மாட்டுவது இன்னொன்று: மைக், பிராசஸர், பேட்டரி, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் 'காயில்' என்ற கம்பிச்சுருள். நம் ஒவ்வொரு காதுக்குள்ளும் ஒலியை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000 இருக்கின்றன. இந்தக் கருவியில் இருப்பதோ, கம்பெனியைப் பொறுத்து, 12 முதல் 22 மின்முனைகள். அவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை போனில் ஆச்சியோடு கதை பேசுகிறது. பார்த்துப் பார்த்தும் எனக்கு வியப்பு தீரவில்லை.

காலையில் வந்ததும் முதல் வேலை ஆறு ஒலிச் சோதனை. பிள்ளை என் வாயைப் பார்க்காதபடி மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். கேட்டதும் அது ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். 'ஸ்' சொன்னபோது மட்டும் கட்டை விழவில்லை என்றால், மைக் மூடியில் தலையெண்ணெயோ தூசியோ அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

போன மாதம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா ஒரு காகிதத்தோடு வந்தார். வெளிக்கருவி பழுது. அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம், பாகம் கிடைக்காதாம், புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். விலை பல லட்சம். அவர் டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கிறவர். தோலுக்கடியில் இருக்கும் பாகத்தில் ஒரு குறையும் இல்லை. பையனுடைய மூளையும் கேட்கப் பழகிவிட்டது. வெளியே ஒரு கருவி இல்லாததால் எல்லாம் நின்றுபோய் நிற்கிறது.

விளையாட்டில் யாராவது காயிலைப் பிடித்து இழுத்தால் அந்தப் பையன் அடிபட்டவன்போல் துடித்துப்போவான். அவனைப் பொறுத்தவரை அது காது. உத்தரவாத அட்டையில் மட்டும் அது ஒரு பொருள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நூலகவாசி

அந்தப் பையன் சொல்வதைத்தான் மூளை ஆய்வும் சொல்கிறது. 1996-இல் ஜப்பானில் அட்சுஷி இரிகி குழுவினர் குரங்குகளுக்கு ஒரு சிறு வாரியைக் கொடுத்து, கைக்கு எட்டாத தீனியை அதனால் இழுக்கப் பழக்கினார்கள். கைக்குப் பக்கத்தில் வரும் பொருளைக் கவனிக்கிற சில நரம்பணுக்கள் மூளையில் உண்டு. பழகிய பிறகு அந்த அணுக்கள் வாரியின் முனைவரை உள்ள இடத்தையும் கையின் எல்லையாக எடுத்துக்கொண்டன. வாரியைச் சும்மா பிடித்திருந்தபோது அப்படி நடக்கவில்லை, அதைக்கொண்டு வேலை செய்தபோதுதான் நடந்தது.

ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரண்டு தத்துவ அறிஞர்கள் 1998-இல் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். ஓட்டோ என்ற மறதி நோயாளியைக் கற்பனை செய்தார்கள். முகவரி முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, எந்நேரமும் கூடவே வைத்திருக்கிறார் அவர். நமக்கு ஞாபகம் எப்படியோ அப்படித்தான் அவருக்கு அந்த நோட்டு. ஆகவே அதுவும் அவர் மனத்தின் பகுதியே என்பது அவர்கள் வாதம். நான் அதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்த நோட்டைப் பிடுங்குவதைத் திருட்டு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது, அவருக்குச் செய்த காயம் என்றே சொல்ல வேண்டும்.

சைதை_குமார்

நூலகவாசி சார், அந்தக் கணக்குப்படி என் போனில் இருக்கும் மேப்பும் என் மனம்தானே? எனக்கு அது சரியாகப் படவில்லை.

நான் ஆட்டோ ஓட்டியவன், இப்போது ஆப் வழியாக டாக்ஸி ஓட்டுகிறேன். முன்பெல்லாம் மாம்பலத்தில் ஏறியவர் வியாசர்பாடி என்று சொன்ன உடனே வழி மனதில் விரிந்துவிடும். எந்த சப்வேயில் மழைத் தண்ணீர் நிற்கும், எந்தத் தெருவில் தேர் வருகிறது என்று போவோம். இப்போது வருகிற பையன்களுக்கு நீலக்கோடு மறைந்தால் வண்டி நின்றுவிடுகிறது. எனக்கே சில இடங்களில் சந்தேகம் வர ஆரம்பித்துவிட்டது.

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களின் மூளையை எலினார் மக்வயர் என்ற ஆய்வாளர் படமெடுத்துப் பார்த்ததை 2000-இல் வெளியிட்டார். லண்டன் நடுவிலுள்ள சாரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவில் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்தால்தான் அங்கே உரிமம். அப்படிப் படித்தவர்களுக்கு இடத்தை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. எங்கள் ஸ்டாண்டில் இருந்த பெரியவர்களையும் யாராவது அப்படிப் பார்த்திருக்கலாம்.

மேடம் சொல்கிற மிஷின், இல்லாத ஒன்றைக் கொடுக்கிறது. மேப்போ என்னிடம் இருந்ததை வாங்கிக்கொண்டு போகிறது. தயவுசெய்து இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

யாழ்_நிலா

எங்கட பக்கத்தில் இந்தக் கதை காலில் இருந்து தொடங்கும். என்னுடைய மாமாவுக்கு மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே போனது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஜெய்ப்பூர் நிலையத்தில்தான் கால் போட்டவர்.

ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் 1960-களின் கடைசியில் ஜெய்ப்பூரில் உருவாக்கிய கால் அது. பாதம் ரப்பர். அதற்கு முன்பிருந்த மேல்நாட்டுக் காலுக்குச் சப்பாத்து வேண்டும், சப்பணம் கட்டி இருக்க ஏலாது, வயலில் இறங்க ஏலாது. இந்தக் காலோடு மாமா வெறும் பாதமாக வரம்பில் நடப்பார், குந்தி இருந்து வெங்காயம் நடுவார்.

கால் தேய்ந்தால், வெடித்தால், அங்கேயே கொண்டுபோய்ச் சரிபண்ணிக்கொண்டு வருவார். அளவெடுக்கிறவர் ஊர் ஆள், செய்கிறதும் அதே பட்டறையில். யாரோ ஒரு கம்பனி மாடலை நிறுத்திப்போட்டுது என்று மாமாவின் நடை நிற்கவில்லை. காதோரம் அக்கா கேட்கிற கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான்: திருத்துகிற அறிவு எங்கே இருக்கிறதோ, உடம்பின் சாவியும் அங்கேதான் இருக்கிறது.

சேலம்_செல்வி

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது, அதனால் இதை ஆர்வமாகப் படித்திருக்கிறேன். உடம்புக்குள் முழுதாக வைத்த முதல் பேஸ்மேக்கர் 1958-இல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு. அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. மாற்றி மாற்றி மொத்தம் 26 கருவிகள் வைத்துக்கொண்டு, 2001 வரை, 86 வயதுவரை வாழ்ந்தார் மனிதர். கருவியைச் செய்தவரைவிடவும் ஆபரேஷன் செய்த டாக்டரைவிடவும் அதிக நாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேஸ்மேக்கரில் பேட்டரிப் பெட்டி தனி, இதயத்துக்குப் போகும் வயர் தனி. இரண்டும் சேரும் முனைக்கு ஐஎஸ்-1 என்று உலகம் முழுக்க ஒரே தர அளவு வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் பெட்டி மாற்றும் நேரம் வந்தபோது வேறு கம்பெனிப் பெட்டியைப் பழைய வயரிலேயே பொருத்தலாம் என்று டாக்டர் சொன்னார். காது மிஷினில் இது ஏன் இல்லை? ஒரு கம்பெனியின் உள்பாகத்துக்கு இன்னொரு கம்பெனியின் வெளிக்கருவி சேருமா?

ஆனால் பேஸ்மேக்கரிலும் எல்லாம் திறந்து கிடக்கவில்லை. அமெரிக்காவில் கேரன் சாண்ட்லர் என்ற வழக்கறிஞர், தன் நெஞ்சுக்குள் இருக்கும் கருவியின் மென்பொருளைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எந்தக் கம்பெனியும் கொடுக்கவில்லை.

காதோரம் (மதுரை)

சேராது செல்வி. ஒரு கம்பெனியின் உள்பாகம் தலைக்குள் போய்விட்டால், ஆயுசுக்கும் அதே கம்பெனியின் வெளிக்கருவிதான். மாற்ற வேண்டுமென்றால் மறுபடி ஆபரேஷன். இதைத்தான் நான் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைக்கு இரண்டு வயதில் பெற்றோர் போடும் கையெழுத்து எழுபது வயதுவரை அவனைக் கட்டிப்போடுகிறது.

வானம்பாடி_77

கம்பெனியே இல்லாமல் போனால்? அதுவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் செகண்ட் சைட் என்ற கம்பெனி ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவியைச் செய்தது. கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி, கண்ணுக்குள் 60 மின்முனைகள். பார்வை போனவர்களுக்கு வெளிச்சமும் உருவக் கோடுகளும் தெரியும். கதவு எங்கே, ஆள் எங்கே என்று பிரித்துப் பார்க்கலாம். 2013-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள்.

2019-இல் கம்பெனி அதைக் கைவிட்டது. 2020-இல் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. கண்ணில் கருவி வைத்தவர்கள் ஆதரவுக்கு ஆளில்லாமல் நின்றார்கள். 2022-இல் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் பத்திரிகை இதை விசாரித்து எழுதியபோதுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அதில் ஒரு பெண்: நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில், கூட்ட நேரத்தில் நடந்துகொண்டிருந்தபோது அவர் கருவி அணைந்துபோனது. பிறகு அது வேலை செய்யவே இல்லை. உள்ளே இருப்பதை எடுப்பதும் ஆபரேஷன், வைத்துக்கொண்டால் எம்ஆர்ஐ எடுப்பதில் சிக்கல். உதிரிப் பாகங்களை ஆளுக்கு ஆள் தேடிப் பரிமாறிக்கொண்டார்கள்.

சைதை குமார் அண்ணனின் மேப் நின்றால் நாலு பேரிடம் வழி கேட்கலாம். இவர்கள் யாரிடம் கேட்பார்கள்?

கோவைக்காரன்

நான் மருத்துவக் கருவி விநியோகத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

எந்தக் கம்பெனியும் வேண்டுமென்று பாகத்தை நிறுத்துவதில்லை. பிராசஸருக்குள் இருக்கும் சிப்பை இன்னொருவர் செய்கிறார். அவர் நிறுத்தினால் இவர்களுக்கும் கிடைக்காது. வேறு சிப் போட்டால் கருவியை மறுபடி சோதித்து அனுமதி வாங்க வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும். பழைய மாடலை ஐம்பது வருஷம் தாங்க வேண்டும் என்று சட்டம் போட்டால் சின்னக் கம்பெனிகள் இந்தத் துறைக்கே வராது. ஆர்கஸ் மாதிரி ஒரு முயற்சியை யாரும் தொடங்கியிருக்கவே மாட்டார்கள். அந்த 350 பேருக்கும் அந்தக் கொஞ்ச காலப் பார்வையும் கிடைத்திருக்காது. அதையும் எண்ணிப் பாருங்கள்.

காதோரம் (மதுரை)

கோவைக்காரன் சார், நீங்கள் சொல்லும் சிரமம் உண்மை. பழைய மாடலையே ஆயுள் முழுக்கச் செய்துகொண்டிருங்கள் என்று நான் கேட்கவில்லை. புது மாடல் வரட்டும். அந்தப் புது மாடல் பழைய உள்பாகத்தோடு பேச வேண்டும், அதன் விலை அந்தக் குடும்பத்தின் தலையில் விழக்கூடாது. கேட்பது இவ்வளவுதான்.

இதற்கு நம்மிடம் ஒரு பிடி இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் இலவசம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் கொடுக்கும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் இந்தக் கருவிக்கு உதவி உண்டு. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் டெண்டரில் என்ன எழுதினாலும் கம்பெனிகள் படித்துத்தான் ஆக வேண்டும். உள்பாகம் உடம்பில் இருக்கும்வரை வெளிக்கருவிக்குப் பொறுப்பு, காயிலுக்கும் கேபிளுக்கும் நிர்ணயித்த விலை, தமிழ்நாட்டுக்குள்ளேயே பழுதுபார்க்கும் இடம், கம்பெனி மூடினால் வடிவமைப்பும் மென்பொருளும் ஒரு அரசு நிறுவனத்தின் கைக்கு வரும்படி முன்பே ஒப்படைப்பு. இவற்றை டெண்டரிலேயே எழுதலாம். வாங்கும் நாளில் விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பிறகு பெற்றோரைக் கடனில் தள்ளுவது என்ன நியாயம்? கேரளத்தில் ஸ்ருதிதரங்கம் திட்டத்தில் ஆபரேஷன் செய்த பிள்ளைகளின் வெளிக்கருவிப் பழுதும் இப்படித்தான் பெரிய பிரச்சினையாகிச் செய்தியில் வந்தது.

காது கொடுத்தோம் என்று போட்டோ எடுக்கிறோம். அந்தக் காது ஏழாம் வகுப்பிலும் கேட்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டாமா?

கைமொழி

நான் பிறவியிலேயே காது கேளாதவன். சைகை மொழியில் வளர்ந்தேன், பி.காம் முடித்து வேலையில் இருக்கிறேன். இதுவரை வந்த எல்லாப் பதிவிலும் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

கருவியை உடம்பின் பகுதி என்று சொல்லும்போது, கருவி இல்லாத என் உடம்பு குறை உடம்பு என்று ஆகிவிடுகிறது. நான் அப்படி நினைத்ததே இல்லை. அமெரிக்காவின் தேசியக் காது கேளாதோர் சங்கம் 1991-இல் குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் செய்வதைக் கடுமையாக எதிர்த்தது. 2000-இல் நிலைப்பாட்டைத் தளர்த்தி, பல வழிகளில் இதுவும் ஒன்று என்றது. நானும் எதிர்க்கவில்லை.

என் வேதனை வேறு. ஆபரேஷன் செய்த பிள்ளைக்குச் சைகையே காட்டாதீர்கள், காட்டினால் பேச்சு வராது என்று பல இடங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளையின் மொழி முழுக்க ஒரு பேட்டரியில் தொங்குகிறது. பேட்டரி தீர்ந்தால் அம்மா சொல்வது புரியாது. மிஷின் ரிப்பேர் என்றால் மாதக்கணக்கில் அந்த வீட்டில் பேச்சே இல்லை. அப்படி வளர்ந்து, மிஷினும் போய், சைகையும் தெரியாமல் பதினெட்டு வயதில் எங்கள் சங்கத்துக்கு வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அவர்களுக்கு எந்த மொழியும் முழுதாக இல்லை. டெண்டரில் கம்பெனிக்கு நிபந்தனை போடுங்கள், நல்லது. கூடவே பிள்ளைக்குக் கையில் ஒரு மொழியையும் கொடுங்கள். அதை எந்தக் கம்பெனியும் நிறுத்த முடியாது.

காதோரம் (மதுரை)

கைமொழி தம்பி, உங்கள் பதிவை மறுபடி மறுபடி படித்தேன். பயிற்சி நேரத்தில் சைகை வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுமார் மூன்றரை வயதுவரை கேட்கப் பழகும் வேகம் மூளையில் அதிகம். அந்தக் காலத்தைக் கேட்பதிலேயே செலவழிக்க வேண்டும் என்று பார்க்கிறோம். அந்தக் கருத்தை நான் இன்னும் முழுதாக விடவில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன வீட்டை நானும் பார்த்திருக்கிறேன். குளிக்கும்போது மிஷின் கிடையாது, தூங்கும்போது கிடையாது. ராத்திரியில் கரண்ட் போனால் இருட்டில் உதடும் தெரியாது. பயம், வலி, தண்ணீர், வா, இங்கே இரு என்பதற்காவது சைகை வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் அம்மாக்களிடம் சொல்லிவருகிறேன். நீங்கள் கேட்பது அதைவிடப் பெரிது, ஒரு முழு மொழி. எங்கள் மையத்தில் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் நடக்கும். உங்கள் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து பேச முடியுமா? தனிச்செய்தி அனுப்புகிறேன்.

நூலகவாசி

கைமொழி சொன்னதற்குப் பிறகு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆஸ்திரேலியாவில் 2010 வாக்கில் நியூரோவிஸ்டா என்ற கம்பெனி, வலிப்பு வருவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியை 15 பேருக்கு மூளையில் வைத்துச் சோதித்தது. அதில் ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையே மாறியது. பயமில்லாமல் தனியாக வெளியே போனார். பிறகு கம்பெனியிடம் பணம் தீர்ந்தது, கருவிகளை எடுக்கச் சொன்னார்கள். அவரும் கணவரும் அதைத் தாங்களே விலைகொடுத்து வைத்துக்கொள்ளப் பார்த்தும் முடியவில்லை. எடுத்தபோது தன்னையே இழந்ததாக உணர்ந்தார் என்று அவரோடு பேசிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

2021-இல் சிலி நாடு மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் காக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியது. உடம்போடு சேர்ந்த கருவியை மனிதரிடமிருந்து பிரிக்கும் முடிவு யாருடையது என்பதையும் அங்கேயோ இங்கேயோ யாராவது எழுதத்தான் வேண்டும்.

தருமபுரி_அம்மா

வணக்கம். என் மகளுக்கு இரண்டு வயது முடிந்திருக்கிறது. அடுத்த மாதம் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் படித்ததும் கை நடுங்குகிறது. செய்யலாமா வேண்டாமா அக்கா?

காதோரம் (மதுரை)

செய்யுங்கள் அம்மா, தள்ளிப்போடாதீர்கள். வயது இதில் ரொம்ப முக்கியம். நாங்கள் பேசியது பயமுறுத்துவதற்காக இல்லை, கேட்க வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும் என்பதற்காக.

டாக்டரிடம் கேளுங்கள்: வைக்கப்போகும் வெளிக்கருவி எந்த வருடம் வந்த மாடல்? உத்தரவாதம் எத்தனை வருடம், அதில் காயிலும் கேபிளும் சேருமா? அதற்குப் பிறகு பழுதானால் அரசு கொடுக்குமா, நாம்தான் கொடுக்க வேண்டுமா? பழுதுபார்க்கக் கொடுத்திருக்கும்போது மாற்றுக் கருவி தருவார்களா? பதிலை எழுதி வாங்குங்கள். உள்பாகத்தின் வரிசை எண் உள்ள அட்டையைப் பத்திரமாக வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மேப்பிங், அதாவது கருவியின் அளவுகளைப் பாப்பாவுக்கு ஏற்றபடி அமைப்பது, முடிந்ததும் அந்த அளவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஊர் மாறினாலும் ஆஸ்பத்திரி மாறினாலும் அது உதவும்.

வீட்டுக்கு ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று தருவார்கள். ராத்திரி கழற்றியதும் மிஷினை அதில் வைக்க மறக்காதீர்கள், வியர்வைதான் அதற்கு முதல் எதிரி. தலைக்கு எண்ணெய் வைத்தால் காயில் ஒட்டும் இடத்தை விட்டு வையுங்கள். பாப்பாவிடம் இப்போதிருந்தே நிறையப் பேசுங்கள், சைகையும் காட்டுங்கள். ஆபரேஷன் தேதி உறுதியானதும் இங்கே எழுதுங்கள், தருமபுரிப் பக்கம் பயிற்சி கொடுப்பவர்கள் யார் யார் என்று விசாரித்துச் சொல்கிறேன்.